பதினொரு கிண்ணங்களுக்கு ஒரு குறிப்பு

1

"ஊக்கம்னு போடாதே கண்ணு. அது டானிக் பாட்டில்ல ஒட்டற வார்த்தை."

"அப்ப என்னன்னுதான் போடறதுக்கா?"

"ஒண்ணும் போடாதே. பேரு, ஊரு, மண்ணு. போதும்."

"நாலு பக்கம் இருக்குதுக்கா. பேரும் ஊரும் போட்டா மீதி மூணேமுக்கால் பக்கம் வெள்ளையா நிக்கும்."

"நிக்கட்டும். வர்றவங்க பலகாரம் வெச்சுத் திங்கட்டும்."

இந்தப் பேச்சு இன்னும் கால்மணி நேரம் போகும். அதற்குள் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். 'கண்ணு' என்று அழைக்கப்படுவது நான். நந்திதா. ஆர்.எஸ்.புரத்தில் ஓர் அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து எழுத்து கோக்கும் வேலை. எதிரில் சக்கரத்தை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பவர் சித்திகா அக்கா. மண்ணை வனைந்து, சுட்டு, கிண்ணமும் கூஜாவும் தட்டும் செய்கிறவர். வயது நாற்பத்தொன்று. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்தின் கோடியில் கேஸ் சூளை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய வீட்டின் கூடத்தில் அவருடைய பாண்டங்களை வைத்து மூன்று நாள் கண்காட்சி நடக்க இருந்தது. வருகிறவர்கள் கையில் கொடுக்க நாலு பக்கத் துண்டறிக்கை அச்சடிக்க வேண்டுமென்று எங்கள் அச்சகத்துக்கு வந்தார். "உள்ளே எழுதவேண்டியதை நானே எழுதித் தர்றேங்க்கா" என்றேன்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை துண்டறிக்கையாகத்தான் பிறந்தது. அது ஆவணி மாதம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கல்யாணப் பத்திரிகைகள். 'நிகழும் மங்களகரமான' என்று அடித்து அடித்து, வேறெதை அடிக்க உட்கார்ந்தாலும் விரல்கள் முதலில் அதைத்தான் அடித்தன. யாருடைய மங்களமும் இல்லாத நாலு பக்கம் கிடைத்ததும் நான் மலைப்பிரதேசத்துக்குப் போவதைப் போல அதற்குள் போனேன்.

துண்டறிக்கையாகவே இருந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன், என் பெயர் உட்பட. கிண்ணங்களின் எண்ணிக்கையை மாற்றவில்லை.)

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

முதலாவது. 'சித்திகாவின் விரல்களில் ஒரு வனம் உறங்குகிறது.' இதைப் படித்துவிட்டு அக்கா தன் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "உறங்கறது மண்ணு. நகத்துக்கடியில பாரு." அடித்துவிட்டேன்.

இரண்டாவது. 'இயற்கையின் மடியில் அமர்ந்து—' இதை நானே முடிக்கவில்லை. அந்த வீட்டில் இயற்கையின் மடி என்பது இருபதடிக்கு முப்பதடி. நடுவில் செப்டிக் டேங்கின் மூடி.

மூன்றாவது. 'பனி இறங்கிய ஒரு காலையில், சாளரத்தருகே நின்றிருந்த அவள் தோள்களைக் குலுக்கிக்கொண்டாள்.' இது என் தப்பு. நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். சிங்காநல்லூர் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தால் போதும், எங்கோ பனி பெய்யும் ஊரில் இறங்கிவிடுவேன். அந்த ஊர்களில் எல்லோரும் தோள்களைக் குலுக்குகிறார்கள். எங்கள் ஊரில் தோளைக் குலுக்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இங்கே 'யாருக்குத் தெரியும்' என்று சொல்ல உதட்டைப் பிதுக்குவார்கள், இல்லாவிட்டால் 'என்னத்தைச் சொல்றதுங்க' என்பார்கள். சித்திகா அக்கா இரண்டும் செய்யமாட்டார். சக்கரத்தை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டுவார்.

நான்காவது தொடக்கத்துக்கு, அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத்தில் விரிசல் விட்ட பாண்டமெல்லாம் தொட்டியாகிவிடுகிறது. கூஜாவில் புதினா. மூக்கு உடைந்த கெட்டிலில் கற்பூரவல்லி. முருங்கை, கறிவேப்பிலை, இரண்டு வாழை. சூளைக்கொட்டகையின் தகரக் கூரைமேல் பூசணிக்கொடி. காலையில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு அக்கா எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றுகிறார். எதையும் ரசிப்பதாகத் தெரியவில்லை. புழு எடுக்கிறார், திட்டுகிறார், நகர்கிறார். மதியம் இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"அதைப் பாரு."

பூசணி இலைகள் எல்லாம் வெயிலில் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. ஈரத்துண்டைக் காயப்போட்டது போல, ஓரங்கள் மடிந்து, காம்பு மட்டும் நிமிர்ந்து.

"செத்துப்போச்சாக்கா?"

"அட, அஞ்சு மணிக்குத் தானா எந்திரிச்சுக்கும். வெயில் இருக்கறவரைக்கும் இப்படித் தொங்கிட்டுக் கெடக்கும். தெனமும் இதே."

உள்ளே கூட்டிப்போய்க் கிண்ணங்களைக் காட்டினார். பலகைமேல் பதினொன்று. அடி வட்டமாக, உறுதியாக இருக்கிறது. மேலே வர வர விளிம்பு மெலிந்து, ஓரிடத்தில் களைத்துப்போய் வெளியே சாய்ந்து தொங்குகிறது. வனைந்த கிண்ணம் பாதி காய்ந்திருக்கும்போது, விளிம்பில் ஈரப் பஞ்சை வைத்து, அது தானாக எங்கே சாய்கிறதோ அங்கே விட்டுவிடுவாராம். கையால் மடித்தால் மடித்தது தெரியுமாம்.

"இதுதானேக்கா இயற்கையிலேருந்து ஊக்கம் வாங்கறதுங்கறது?"

"மறுபடியும் பாரு! மத்தியானம் ரெண்டு மணிக்கு எனக்கும் அப்படித்தான் இருக்குது. அதும் தொங்குது, நானும் தொங்கறேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அவ்வளவுதான்."

இதை அப்படியே இரண்டாம் பக்கத்தில் போட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான். நான் எழுதாததால்.

3

அந்தப் பதினொரு கிண்ணங்களும் பச்சை. இலைப்பச்சை இல்லை. சிங்காநல்லூர்க் குளத்தில் மழைக்கு மறுநாள் ஆகாயத்தாமரையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு நிறம் தெரியுமே, அது. விளிம்பில் மெல்லியதாகத் தொடங்கி, வழிந்து, அடியில் திரண்டு நிற்கிறது.

பாண்டத்தின்மேல் பூசும் கரைசலுக்கு கிளேஸ் என்று பெயர். சூளைக்குள் உருகிக் கண்ணாடிபோல் படியும். கடையில் டப்பாவில் விற்கிறார்கள். அக்கா சாம்பலில் செய்கிறார். தோட்டத்தில் காய்ந்து விழுவதை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் நாலைந்து முறை அலசி, சலித்து, காயவைத்து, ஊறுகாய் ஜாடிகளில் போட்டுப் பெயர் ஒட்டிவைக்கிறார். வாழை. முருங்கை. பூசணிக்கொடி. ஒவ்வொரு செடிக்கும் ஒரு நிறம். ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, கலந்தால் எல்லாம் ஒரே அழுக்குப் பழுப்பு.

"இந்தப் பச்சை எதுலக்கா?"

"மருதாணி."

அப்போது அவருடைய கணவர் ஜபருல்லா அண்ணன் சாப்பிட வந்திருந்தார். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். அந்தச் சூளையைச் செங்கல் செங்கலாகக் கட்டியவர். "ஏனுங்க அம்மணி, மருதாணின்னா செவக்கோணுமா இல்லீங்களா?" என்று என்னைக் கேட்டார். "எங்க ஊட்டு மருதாணிக்கு மட்டும் புத்தி மாறிப்போச்சு பாருங்க." நான் சிரித்தேன். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. இதை அன்றைக்குக் கவனித்திருந்தால் நான் எழுத்தாளர். இரண்டு வாரம் கழித்து எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

அவர் போனபிறகு அக்கா சொன்னார். பின் சுவரோரம் ஆளுயரத்துக்குமேல் ஒரு மருதாணிச் செடி இருந்தது. பெருநாள் முடிந்து, சித்திரையில், அடிக்கட்டைவரை வெட்டினார். அடுத்த பெருநாளுக்குள் துளிர்த்துவிடும் என்ற கணக்கில். எரிப்பதற்குப் பட்டறையிலிருந்து பாதியாக அறுத்த இரும்பு டிரம் இருந்தது. அதை எங்கே வைப்பது? தோட்டத்தில் மற்ற இடமெல்லாம் பழைய சாம்பலும் கரியும். காற்றில் ஒரு சிட்டிகை பறந்து விழுந்தாலும் மருதாணியின் நிறம் கெட்டுவிடும். சுத்தமான இடம் ஒன்றுதான் இருந்தது. செடி நின்ற இடம்.

"வெட்டுனதுல சாகலை கண்ணு. மருதாணியை எத்தனை வெட்டுனாலும் வரும். நான் அதும் தலைமேலயே அடுப்பை வெச்சுப்போட்டேன். ரெண்டு நாளு, காலைல ஆறு மணிலேருந்து. சாம்பல் மாவாட்டம் வெள்ளையா விழுந்துச்சு. அதையே பாத்துட்டு இருந்தேன். கீழ வேர் வெந்துட்டு இருந்தது எனக்குத் தோணவே இல்லை."

சாம்பலின் சுத்தத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தவர், அது வந்த வேரைப் பற்றி—

(இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்ததால் நிறுத்திவிட்டேன்.)

நோட்டில் இப்படி எழுதிக்கொண்டேன்: 'இந்தப் பச்சை, வீட்டுத் தோட்டத்து மருதாணியின் சாம்பலில் விளைந்தது.' படித்துக் காட்டினேன். அக்காவின் கையில் மண் சுழன்றுகொண்டிருந்தது. "ம்" என்றார். அந்த 'ம்'மைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மூன்றாம் பக்கத்தில் நடுவில் தனியாகப் பெரிய எழுத்தில் வைத்தேன். அந்தச் செடியை நட்டது யார் என்று நான் கேட்கவில்லை.

4

திங்கட்கிழமை சரிபார்க்கும் படியை எடுத்துக்கொண்டு போனபோது கதவைத் திறந்தது ரிஃபத். ஜபருல்லா அண்ணனின் தங்கை. இருபத்தொன்பது வயது. பல்லடத்தில் எட்டு வருடம் வாழ்ந்துவிட்டு, வைகாசியில் இரண்டு பெட்டிகளோடு வந்தவள். இனிமேல் அங்கே போவதில்லை.

(நேரில் நான் அவரை 'வாங்க போங்க' என்றுதான் பேசினேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டார். நாவல்களில் துயரப்படுகிற பெண்கள் எல்லோரும் 'அவள்'தான். பழக்கதோஷம். மாற்ற முயன்றேன், வாக்கியங்கள் கேட்கவில்லை.)

"அண்ணி மண்ணு பெசஞ்சுட்டு இருக்காங்க. உக்காருங்க. இது என்னங்க, நோட்டீஸா? நான் பாக்கலாமுங்களா?"

கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்கவில்லை. "மூணாம் பக்கம் பாருங்க, அது நல்லா வந்திருக்குது" என்று நானே விரலால் காட்டினேன்.

நின்றபடியே படித்தாள். ஒரே வரிதான். அதற்குத் தேவையானதைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"இது எந்த மருதாணிங்க?"

"பின்னால சுவரோரம் இருந்துச்சாமே, அதுங்க."

"அது வெயில்ல பட்டுப்போச்சுன்னு அண்ணன் சொன்னாருங்க."

நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவளே மெதுவாக, எனக்கு விவரம் சொல்வதுபோல, சொன்னாள். பத்தாவது படிக்கும்போது கூடப் படித்தவள் வீட்டிலிருந்து ஒரு குச்சி கொண்டுவந்து நட்டது. பெருநாளுக்கு முந்தின நாள் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து பறிப்பார்கள். கல்யாணமான பிறகும் அந்த ஒரு நாளைக்கு மட்டும் எப்படியாவது பல்லடத்திலிருந்து வந்துவிடுவாள், இலை பறிக்க. இந்தப் பங்குனியிலும் வந்தாள். அதுதான் கடைசி என்று செடிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

(கடைசி வாக்கியம் நான் சேர்த்தது. அவள் சொன்னது 'இந்தப் பங்குனியிலயும் வந்தேனுங்க' என்பதோடு சரி.)

5

இங்கே ரிஃபத் என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. நான் படித்த நாவல்களில் இப்படி ஒருத்தி நேராக அந்தக் கிண்ணங்கள் இருக்கும் பலகைக்குப் போவாள். அப்படியே எழுதியும் பார்த்தேன்: 'ரிஃபத் முதல் கிண்ணத்தை எடுத்துச் சுவரில் எறிந்தாள்.' படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிண்ணங்கள் பதினொன்றும் இருக்கின்றன. நானே அவற்றைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். அவள் பின்கட்டுக்குப் போனாள். நானும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனேன்.

"அண்ணி, மருதாணியை எப்பங்க வெட்டுனீங்க?"

அக்கா என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சித்திரையில."

"ஏன் சொல்லலைங்க?"

"சொல்லோணும்னுதான் இருந்தேன். நீ ரெண்டு பெட்டியோட வந்து வாசல்ல நின்னே. அன்னிக்கு எப்படிச் சொல்றது, உன் செடியும் போச்சுன்னு?"

"அதுக்கப்பறம் மூணு மாசம் ஆச்சுங்க அண்ணி."

"ஆச்சு."

பிசைந்த மண் உருண்டையின்மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினார்.

"எட்டு வருசமா தண்ணி ஊத்துனது நானு ரிஃபத். லாரித் தண்ணி வந்த வருசம்கூட மொதக் குடம் அதுக்குத்தான். என் செடின்னே நெனச்சுப்போட்டேன்."

"நட்டது நானுங்க."

"ஆமா. நட்டது நீ."

வாசல்பக்கம் பைக் நின்ற சத்தம். ஜபருல்லா அண்ணன் எட்டிப் பார்த்தார். இரண்டு முகங்களையும் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். "அட, சாயங்காலமே ஒரு குச்சி கொண்டாந்து நட்டுப்போடறேன். இதுக்குப் போயி—"

"நீங்க சும்மா இருங்க" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில்.

"நீங்கதானண்ணா வெயில் மேல பழியைப் போட்டீங்க" என்றாள் ரிஃபத். "வெயில் வந்து கேக்காதுங்கற தைரியம்."

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் சாமி..."

"என் மனசு நோகுமான்னு எல்லாரும் கூடிப் பேசறீங்க. நான் ஒருத்திதான் அந்தப் பேச்சுல இல்லை."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சமையல்கட்டுக்குப் போய்த் தானே சோறு போட்டுக்கொண்டார்.

ரிஃபத் பலகையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், நாவல் வாசகிதானே. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு இந்த மருதாணிதான் வெச்சாங்க. கை கருஞ்செவப்பா செவந்துபோச்சு. மாப்பிள்ளைக்கு அவ்வளவு பிரியமாம், கலர்லயே தெரியுதாம். தெருவே சிரிச்சுச்சு." கிண்ணத்தை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். "பச்சையாவே இருந்திருக்கலாம்."

சித்திகா அக்கா சிரித்துவிட்டார். உடனே வாயை மூடிக்கொண்டார், மண் கையோடு. ரிஃபத் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. காயப்போட்ட துணிகளை எடுக்கப் போனாள்.

அவள் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அந்த வரியை எடுக்காதே. கூட ஒண்ணு சேத்து. எழுதிக்க. 'இந்தப் பச்சை, ரிஃபத் நட்ட மருதாணியின் சாம்பல். அவளைக் கேட்காமல் நான் வெட்டினேன்.' கீழ என் பேரு."

"நோட்டீஸ்லயாக்கா? வர்றவங்க கிண்ணம் பாக்க வர்றவங்க."

"படிச்சுப்போட்டுப் பாக்கட்டும். தோட்டத்துலேருந்து வருது, செடியிலேருந்து வருதுன்னு நாலு பக்கம் எழுதறயல்ல? எப்படி வந்துச்சுன்னும் எழுது. இல்லாட்டி எல்லாத்தையும் வெள்ளையா விட்டுரு."

6

இனி முடிவு வேண்டும். எனக்குக் களைப்பாக இருக்கிறது. பகல் முழுக்க ஊராரின் சுபமுகூர்த்தங்களை முடித்துவைத்துவிட்டு வந்து, இதையும் முடித்துவைக்கக் கை வரவில்லை. இருந்தாலும் முயன்றேன்.

முடிவு ஒன்று. மருதாணி துளிர்க்கிறது. ஆடியில் இரண்டு மழை பெய்திருந்தது. அதனால் இதை நம்பவைப்பது சுலபம். கட்டையின் ஓரத்தில் நெல்மணி அளவு ஒரு பச்சை, அதை முதலில் பார்ப்பது யார் என்பதுதான் கேள்வி. ஒரு நிமிட வேலை. எழுதுவதற்கு முன்னால், புதன்கிழமை, திருத்தம் வாங்கும் சாக்கில் போய்ச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து கட்டையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரியும் என்று அக்கா சொல்லியிருந்தார். நாலு பக்கமும் சுரண்டினேன். சுக்குத்தூள்போல் உதிர்ந்தது. எழுதவில்லை.

முடிவு இரண்டு. அந்தக் கிண்ணம் ஒன்றில் அக்கா கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறார், ரிஃபத் குடிக்கிறாள், யாரும் எதுவும் பேசுவதில்லை. இது இரண்டு பக்கம் வந்தது. ஆவியெல்லாம் வருகிறது. நானே படித்துக் கண் கலங்கினேன். கண் கலங்கியதும் சந்தேகம் வந்து நீக்கிவிட்டேன். கஞ்சி குடித்தவள் ரிஃபத் இல்லை, என் வசதிக்காக வாயைத் திறந்த வேறு யாரோ.

முடிவு மூன்று. கண்காட்சிக்கு வந்த முன்பின் தெரியாத ஒரு பெண், மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு, கிண்ணத்தைக் கையில் எடுத்து—

எடுத்து என்ன செய்வாள்? எனக்குத் தெரியவில்லை. கையில் எடுத்தபடியே நிற்கிறாள். பாவம், இன்னும் நிற்கிறாள்.

நான்காவதாக உங்களிடம் ஒன்று இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். துண்டறிக்கையில் கடைசியாக என்ன அச்சானது என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் அந்தக் கண்காட்சிக்கு வந்து அதைக் கையில் வாங்கியிருந்தாலும், பெயர்கள் மாறியிருப்பதால், அதுதான் இது என்று உங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை நடந்ததை மட்டும் நடந்தபடி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

7

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி. மெஷின் ஓட்டும் ராமுலு அண்ணன் உருளைகளைக் கழுவி முடித்துவிட்டு என் கதவுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, அந்த மண்சட்டி ஃபைலு வருமா, நான் டீ குடிச்சுப்போட்டு வரட்டுமா?"

"அஞ்சு நிமிசங்கண்ணா."

"உன் அஞ்சு நிமிசத்துல நான் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்ரலாம்." போகாமல் கதவிலேயே சாய்ந்துகொண்டார்.

அப்போது ரிஃபத் உள்ளே வந்தாள். சிங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில், தனியாக. எங்கள் அச்சகத்துக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. காகிதக்கட்டின்மேல் உட்காரச் சொன்னேன், நுனியில் உட்கார்ந்தாள்.

"அண்ணிக்குத் தெரியாதுங்க நான் வந்தது. அந்த மூணாம் பக்கத்தைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

திரையைத் திருப்பினேன். 'இந்தப் பச்சை, ரிஃபத் நட்ட மருதாணியின் சாம்பல். அவளைக் கேட்காமல் நான் வெட்டினேன். — சித்திகா.'

வாய்க்குள் ஒருமுறை படித்தாள்.

"உங்க பேரை எடுத்துரட்டுங்களா?" என்றேன். அதற்குத்தான் வந்திருப்பாள் என்று நினைத்தேன். எடுப்பது சுலபமாகவும் இருந்தது.

"பேரு இருக்கட்டுமுங்க. அடுத்த வரியை மாத்தோணும். 'அவளைக் கேட்டேன், வெட்டிக்கொள்ளச் சொன்னாள்.' அப்படிப் போடுங்க."

"அப்படி நடக்கலையேங்க."

"தெரியுமுங்க. எனக்குத்தானே நடக்கலை."

"அக்காவைக் காப்பாத்தறதுக்குங்களா?"

"அண்ணிக்கு என்னங்க?" முதல் தடவையாகக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அவங்க செஞ்சதை அவங்க ஒத்துக்கிட்டாங்க, பாரம் எறங்கிருச்சு. படிக்கறவங்க எல்லாம் எவ்வளவு நேர்மையான மனுசின்னு சொல்லுவாங்க. சொல்லட்டும், நல்லவங்கதான். அதே வரியில நான் யாருங்க? பாவம், அவளைக் கேக்கலை. அது ஒண்ணுதான் நானு."

ராமுலு அண்ணன் சாய்ந்திருந்த கதவை விட்டு நிமிர்ந்து வெளியே போனார்.

"படிப்பை நிறுத்துனப்ப கேக்கலைங்க. பல்லடத்துக்குக் குடுத்தப்ப கேக்கலை. இப்ப என்னைக் கூட்டிட்டு வந்ததுகூட எங்க அண்ணனும் எங்க ஊட்டுக்காரரோட மாமாவும் டீக்கடையில உக்காந்து பேசி முடிச்சது. நான் பெட்டியை மட்டும் கட்டுனேன். அந்தச் செடி ஒண்ணு இருந்துச்சு, நான் நட்டதுன்னு. அதைத் திருப்பித் தாங்கன்னு யாரைக் கேக்க முடியும்? வராது. சரி, போகட்டும். நான் குடுத்ததா இருந்தா அது வேறீங்க. நான் குடுத்தேன், அதுல அந்தக் கிண்ணம் வந்துச்சு. பதினொண்ணு. அழகாத்தான் இருக்குது."

"அக்கா இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க."

"மாட்டாங்கதான். அதனால அவங்களைக் கேக்காதீங்க."

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல், ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டு என் நாற்காலிப் பக்கம் குனிந்தாள். திரையில் 'கேட்காமல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

"நீங்க கதையெல்லாம் எழுதறவங்கன்னு அண்ணி சொன்னாங்க. உங்களுக்கு இது ஒரே ஒரு வரிதானுங்களே. மாத்திப் போட்டுருவீங்களா?"